கிறிஸ்து பிறப்பும் இல்ல அலங்காரமும்: ஒரு திறனாய்வு

பாடல்களையும் அருளுரைகளையும் வழிபாட்டு முறைமைகளையும் திறனாய்வது இறையியல் மாணவருக்குப் பழகிய பணியாகும். கிறிஸ்து பிறப்புக் காலத்தில் நம் வீட்டு முகப்பில் தொங்கும் நட்சத்திரமும், கூடத்து மூலையில் அமையும் குடிலும், மரமும், வண்ணக் காகிதத் தோரணமும் அத்தகைய ஆய்வுக்கு உரியனவா என்று ஒருவர் ஐயுறலாம். சிறுவர் விளையாட்டு என்றும், பெண்டிர் வேலை என்றும், கடைவீதிச் சரக்கு என்றும் அவை ஒதுக்கப்பட்டே வந்துள்ளன. ஆயினும் போதகரின் அருளுரை அரைமணி நேரத்தில் முடிந்துவிடுகிறது. வீட்டுக் குடிலோ இரண்டு மூன்று வாரங்கள் குழந்தையின் கண்முன் நிற்கிறது. மீட்பர் எத்தகைய இடத்தில் பிறந்தார், யார் நடுவே பிறந்தார் என்பது பற்றி நம் பிள்ளைகள் கொண்டுள்ள எண்ணத்தில் பெரும்பகுதி ஓய்வுநாள் பள்ளியிலிருந்து வந்ததன்று. அந்த மூலையிலிருந்து வந்ததே. அவ்வகையில் அலங்காரமும் ஓர் அருளுரையே. அது நல்லதா, தீயதா என ஆராய்வது முறையாகும்.

இவ்வாய்வைத் தூண்டும் நடைமுறைக் காரணம் ஒன்றும் உண்டு. டிசம்பர் மாதத்தில் வீடு சந்திக்கச் செல்லும் எந்த ஆயரும் அதனைக் காணலாம். வெள்ளையடிப்பு, புத்தாடை, கேக், முறுக்கு, அதிரசம், முந்திரிக்கொத்து, இரவில் பாட வரும் குழுவினருக்குத் தேநீர், உறவினர் வருகை ஆகிய அனைத்தும் ஏற்கெனவே ஒரு குடும்பத்தின்மேல், குறிப்பாகக் குடும்பத் தலைவியின்மேல், ஏற்றப்பட்டுள்ளன. அவற்றின்மேல் அலங்காரம் வேறு ஆண்டுக்கு ஆண்டு வளர்கிறது. ஒரு காகித நட்சத்திரத்தோடு நிறைவு கண்ட வீட்டில் இன்று ஆறடிப் பிளாஸ்டிக் மரம், தெர்மாகோல் குடில், மாடியைப் போர்த்தும் மின்விளக்கு வலை, வாயிலில் கிறிஸ்துமஸ் தாத்தா பொம்மை எனப் பட்டியல் நீளுகிறது. அடுத்த வீட்டுக்கு ஈடுகொடுக்க வேண்டும் என்னும் நெருக்கடியும் சேர்ந்துகொள்கிறது. சிறந்த குடிலுக்குப் பரிசளித்து அந்நெருக்கடியைச் சில சபைகளே வளர்த்தும் விடுகின்றன. 24-ஆம் நாள் நள்ளிரவு வரை ஏணியிலும் அடுப்படியிலும் நின்ற தாய், மறுநாள் அதிகாலை ஆராதனையில், மேய்ப்பர்களுக்கு வந்த நற்செய்தி வாசிக்கப்படும் வேளையில் கண்ணயர்ந்துவிடுகிறாள். அவள் அயர்வதைக் குறைகூற எவருக்கும் உரிமையில்லை. அவளை அயர வைத்தது எது என்று கேட்க உரிமையுண்டு.

ஆகவே இவ்வலங்காரங்களை நோக்கி நாம் தொடுக்கும் வினாக்கள் இரண்டே: இப்பொருள் என்ன சொல்லுகிறது? இதனை யார் சுமக்கிறார்?

திருச்சபையில் அலங்காரத்தைக் கண்டித்த குரல் மிகப் பழமையானது. மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தை ஒட்டி, கார்த்தேஜ் நகரத் தெர்த்துல்லியன் உருவ வழிபாட்டைப் பற்றி எழுதிய நூலில், பிறர் கொண்டாடிய விழாநாள்களில் தங்கள் கதவுகளில் விளக்கும் தழையும் கட்டிய கிறிஸ்தவர்களைக் கடிந்துகொண்டார். இதில் கிறிஸ்தவரின் வாசல்கள் புறமதத்தார் வாசல்களையும் விஞ்சிவிட்டன என்பது அவர் கொண்ட வருத்தம். கி.பி. 380-ஐ ஒட்டி, நசியான்சுஸ் கிரகோரியார் கிறிஸ்து பிறப்பு விழாவுக்கென்றே நிகழ்த்திய அருளுரையில், வாயில்களுக்கு மாலையிடுவதையும் தெருக்களை அணிசெய்வதையும் தவிர்க்குமாறு கேட்டுக்கொண்டார். 17-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஸ்திராஸ்புர்க் நகரின் லுத்தரன் இறையியல் பேராசிரியர் தான்ஹவர், பொம்மையும் இனிப்பும் தொங்கவிடப்பட்ட கிறிஸ்துமஸ் மரத்தை வீண் விளையாட்டு எனச் சாடினார். அவ்வழக்கம் எங்கிருந்து வந்தது என்பதே தமக்குத் தெரியவில்லை என்றும் எழுதினார். (மார்ட்டின் லூத்தரே முதல் கிறிஸ்துமஸ் மரத்தை அமைத்தார் என்று நம் மேடைகளில் அடிக்கடி சொல்லப்படும் கதைக்கு அவர் காலத்துச் சான்று ஏதுமில்லை. அது உண்மையாயின், லூத்தருக்கு ஒரு நூற்றாண்டுக்குப் பின் வந்த லுத்தரன் பேராசிரியர் அதனை அறியாதிருந்தது வியப்பே.) இங்கிலாந்துப் பாராளுமன்றம் 1647-இல் இவ்விழாவையே நீக்கியது. மாசசூசெட்ஸ் குடியேற்றத்தார் 1659-இல், கொண்டாடுவோருக்கு ஐந்து ஷில்லிங் தண்டம் விதித்து, 1681-இல் அச்சட்டத்தைக் கைவிட்டனர்.

இத்தனை கண்டனங்களின் விளைவு என்ன? மரம் வென்றது. 1848-இல் விக்டோரியா அரசியின் குடும்பம் மரத்தைச் சூழ நிற்கும் படம் லண்டன் இதழொன்றில் வெளிவந்தபின், ஆங்கிலம் பேசும் நாடுகளின் இல்லங்களில் அது எளிதில் இடம்பிடித்தது. எதைத் தொங்கவிடக் கூடாது என்று சொன்னவர்கள், எதைத் தொங்கவிடலாம் என்று பெரும்பாலும் சொல்லாமல் போயினர். ஒழிந்து கிடந்த அவ்விடத்தை வணிகர் நிரப்பினர். எனினும் தெர்த்துல்லியனிடம் நாம் ஒன்றைக் கற்றுக்கொள்கிறோம். வாசல் பேசும் என்பதை அவர் அறிந்திருந்தார். கதவில் கட்டிய தழையை அவர் வெறுந்தழையாகக் காணவில்லை. அவ்வீட்டார் யாருடைய ஆட்சியை ஏற்கின்றனர் என்பதன் அறிக்கையாகவே கண்டார்.

தமிழ்த் திருச்சபையின் வரலாற்றிலும் அலங்காரம் வெறும் அலங்காரமாக இருந்ததில்லை. 1820-களில் தஞ்சைச் சபையில் புதிதாக வந்த மிஷனெரிமாருக்கும் பழைய சபையாருக்கும் இடையே எழுந்த பூசலில், விழாக்களில் மலரைப் பயன்படுத்துதல், தமிழிசை, சாதி வேற்றுமை ஆகியன ஒரே வழக்கில் பின்னிக் கிடந்தன. வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) மலருக்காகவும் இசைக்காகவும் வாதாடினார். அதே மூச்சில் சாதி வேற்றுமைக்காகவும் வாதாடினார். மலர் தமிழருடையது என்று அவர் கூறியது சரியே. ஆனால் 'எங்கள் வழக்கம்' என்ற ஒரு சொல்லுக்குள் பூமாலையும் புகலாம், தனி இருக்கையும் புகலாம் என்பதை அவ்வழக்கு நமக்குக் காட்டிச் சென்றது. நம் அலங்காரங்கள் தமிழ்மயமாக வேண்டும் என்று முழங்குவோர் இதனை மறத்தலாகாது. உள்ளூர்ப் பொருள் என்ற ஒரே காரணத்தால் எதுவும் நற்செய்தியாகிவிடாது. வெளியூர்ப் பொருள் என்ற ஒரே காரணத்தால் எதுவும் அயன்மை ஆகிவிடாது.

அவ்வாறாயின் அளவுகோல் எது? லூக்கா இரண்டாம் அதிகாரத்தைச் சற்று நின்று வாசிப்போம். அங்கே முன்னணை உண்டு. மாடும் இல்லை, கழுதையும் இல்லை. அவற்றை ஏசாயா நூலின் முதல் அதிகாரத்திலிருந்து பிற்கால மரபு கொண்டுவந்து சேர்த்தது. நம் பழைய மொழிபெயர்ப்பு 'சத்திரம்' எனக் கூறும் இடத்தில் கிரேக்க மூலத்திலுள்ள சொல் 'காட்டலுமா' என்பதாகும். இதே சொல்லை லூக்கா 22-ஆம் அதிகாரத்தில், இயேசு சீடரோடு பஸ்கா விருந்துண்ட வீட்டின் அறைக்கு ஆளுகிறார். நல்ல சமாரியன் உவமையில் வழிப்போக்கர் கூலி கொடுத்துத் தங்கும் சத்திரத்தைக் குறிக்க நேர்ந்தபோதோ, 'பந்தொக்கெயோன்' என்னும் வேறொரு சொல்லைக் கையாளுகிறார். இவ்வேறுபாட்டைச் சுட்டிக்காட்டி, மத்திய கிழக்கில் நெடுங்காலம் கற்பித்த கென்னத் பெயிலி போன்ற அறிஞர் ஒரு விளக்கம் தந்துள்ளனர். பாலஸ்தீனச் சிற்றூர் வீடுகளில் குடும்பத்தார் உண்டு உறங்கும் அறையின் தாழ்ந்த ஒரு பகுதியிலேயே இரவில் கால்நடைகள் கட்டப்படும்; அவற்றின் தீவனத் தொட்டி அவ்வறையிலேயே இருக்கும். விருந்தினர் அறை நிரம்பிவிட்டமையால், அக்குடும்பம் தான் வாழும் அறையிலேயே தாய்க்கும் சேய்க்கும் இடம் ஒதுக்கிற்று என்பதே அவ்விளக்கம். எல்லா அறிஞரும் இதனை ஏற்பாரல்லர். எனினும் ஆடும் மாடும் வீட்டோடு ஒட்டிக் கிடந்த ஊர்களில் வளர்ந்த நம் வாசகருக்கு இஃது அந்நியமாகத் தோன்றாது. மத்தேயுவும் சாஸ்திரிகள் பிள்ளையைக் கண்ட இடத்தை வீடு என்றே குறிப்பிடுகிறார்.

இவ்விளக்கத்தை ஏற்றால் நம் பொருளுக்கு ஒளி பிறக்கிறது. இறைமைந்தன் வந்தது அணிசெய்யப்பட்ட மாளிகைக்கன்று; எல்லாராலும் தள்ளப்பட்டு ஊர்ப்புறத்தே தனித்துக் கிடந்த கொட்டகைக்கும் அன்று. ஏற்கெனவே நெரிசலாயிருந்த ஒரு சாதாரண வீட்டில், இருக்கும் பொருள்களைக் கொஞ்சம் நகர்த்தி வைத்து, இடம் உண்டாக்கினார்கள். அவ்வீட்டில் அன்றிரவு நடந்த அலங்காரம் அவ்வளவே: தீவனத் தொட்டி ஒன்று தொட்டிலாயிற்று. புதிதாக ஒன்றும் வாங்கப்படவில்லை.

இனி, நம் இல்லங்களின் பொருள்களை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

குடிலை முதலில் கொள்வோம். 1223-இல் இத்தாலியிலுள்ள கிரேச்சியோ என்னும் சிற்றூரில் அசிசி பிரான்சிஸ் அமைத்த முன்னணைக் காட்சியே இம்மரபுக்குப் பெரும் உந்துதலாயிற்று. அவர் கொண்டுவரச் செய்தவை வைக்கோல், ஒரு மாடு, ஒரு கழுதை ஆகிய இவையே. ஊரில் கிடைத்தவை, விழா முடிந்ததும் உரியவரிடம் திரும்பச் சென்றிருக்கக் கூடியவை. இன்று நம் வீடுகளில் எழும் குடில்களோ பனிமலை, நீரூற்று, சுழலும் விளக்கு, மின்தொடர்வண்டி எனப் பெருகி, முன்னணை எங்கே என்று தேட வைக்கின்றன. இது கலைக் குற்றம் மட்டுமன்று, பொருட் குற்றமும் ஆகும். பார்ப்பவர் வியக்க வேண்டியது செய்தவரின் திறனை என்று இக்குடில் சொல்லுகிறது. குடிலை உருவ வழிபாடு என அஞ்சி விலக்கும் மூத்தோர் நம் சபைகளில் உண்டு. அவ்வச்சத்தை நாம் இகழவில்லை. ஆனால் இன்றைய குடில்களைப் பார்க்கும்போது, யாரும் அவற்றை வணங்கிவிடுவார்கள் என்று நமக்குத் தோன்றவில்லை. முன்னணையைக் கவனிக்கவே மாட்டார்கள் என்றுதான் தோன்றுகிறது.

நம் குடில்களில் நாம் மிகவும் மதிப்பது, மலைக்கும் வயலுக்குமாகச் சிறு தட்டுகளில் முளைக்க வைக்கும் கேழ்வரகு, கோதுமைப் பயிரையே. இரவில் ஊறவைத்து, மண் பரப்பிய தட்டில் தூவி, நாள்தோறும் நீர் தெளித்தால், எட்டுப் பத்து நாள்களில் நான்கு விரற்கடை உயரம் பச்சைப் பசேலென எழும்பும். செலவு ஒரு கைப்பிடித் தானியம். நீர் தெளிக்கும் பொறுப்பு வீட்டின் கடைக்குட்டிக்கு. பிரான்சு நாட்டின் புரோவான்சுப் பகுதியில் டிசம்பர் 4-ஆம் நாள் கோதுமையைத் தட்டுகளில் விதைத்து, கிறிஸ்து பிறப்பு விருந்து மேசையில் வைக்கும் வழக்கம் இன்றும் உள்ளது. இது நம் ஊர் முளைப்பாரியை நினைவூட்டுகிறதே என்று தயங்குவோருக்கு, யோவான் நற்செய்தியின் 12-ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் தம் சாவையும் உயிர்ப்பையும் எந்த உவமையால் விளக்கினார் என்பதை நினைவூட்டுவோம். கோதுமை மணி கிறிஸ்தவருக்குப் புறம்பானதன்று.

குடில் பற்றி இன்னுமொரு சொல். லூக்காவின் மேய்ப்பரும் மத்தேயுவின் சாஸ்திரிகளும் ஒரே இரவில் ஒரே கூரையின்கீழ் நிற்பது நம் குடில்களில் வழக்கமாகிவிட்டது. சாஸ்திரிகள் மூவர் என்பதும் காணிக்கைகளை எண்ணிப் பெற்ற கணக்கேயன்றி மத்தேயு சொன்னதன்று. சில நாடுகளில் சாஸ்திரிகளின் உருவங்களைத் தொலைவில், சன்னலோரத்தில் வைத்து, நாளுக்கு நாள் சற்றே நகர்த்தி, ஜனவரி 6-ஆம் நாள் குடிலை அடையச் செய்கின்றனர். முன்னணையையும் 24-ஆம் நாள் இரவு வரை வெறுமையாக வைக்கின்றனர். காசில்லாமல் கிடைக்கும் விவிலியப் பாடம் இது. குழந்தைகள் அதனை நாம் சொல்லாமலே கற்றுக்கொள்வர்.

மரத்திற்கு வருவோம். தமிழ்நாட்டின் பல ஊர்களில் சவுக்குக் கிளையே கிறிஸ்துமஸ் மரமாகப் பணியாற்றி வந்துள்ளது. அதன் ஊசி போன்ற கிளைகள் பனிநாட்டு மரங்களின் சாயலைத் தருவதால் அதனைத் தேர்ந்தனர் போலும். சவுக்கும் இம்மண்ணுக்கு வந்தேறியதுதான். 19-ஆம் நூற்றாண்டில் விறகுக்கென நம் கடற்கரைப் பகுதிகளில் பெருமளவில் பயிரிடப்பட்டு, இன்று உள்ளூர்க் குடிமகனாகவே ஆகிவிட்டது. மணல் நிரப்பிய குடத்தில் ஒரு கிளையை நட்டு, பிள்ளைகள் வெட்டிய காகிதப் பூக்களைக் கட்டினால் அதனை நாம் குறைசொல்ல மாட்டோம். நம் குறை அக்கிளையின்மேல் ஒட்டப்படும் பஞ்சைப் பற்றியது. அப்பஞ்சு பனியாம். தாமிரபரணிக் கரையில் டிசம்பர் மாதத்தில் விழுவது பனிக்கட்டியன்று, மழை. 2023 டிசம்பர் 17, 18 நாள்களில் தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்களில் கொட்டிய மழையை வாசகர் மறந்திரார். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் பதிவாயிற்று. விழாவுக்கு ஒரு வாரமே இருந்தது. சேறு புகுந்த வீட்டைக் கழுவி உலர்த்தி, நனைந்த பாயை வெயிலுக்குப் போட்டு, ஒரு விளக்கை ஏற்றி வைத்த குடும்பத்திற்குப் பஞ்சுப் பனி என்ன சொல்லும்? மீட்பர் வேறெங்கோ, வேறு எவருடைய நாட்டிலோ, அழகிய குளிரில் பிறந்தார் என்று சொல்லும். கழுவிய தரையோ, அவர் இங்கே வருகிறார் என்று சொல்லும். இவ்விரு அலங்காரங்களுள் எது விவிலியத்திற்கு அணித்தானது என்பதைக் காண இறையியல் பட்டம் வேண்டியதில்லை.

நட்சத்திரமே நம் வீட்டலங்காரங்களுள் தலைசிறந்தது என்பது நம் கருத்து. மொராவிய சகோதரரின் பன்முனை நட்சத்திரம் 1830-களில் ஜெர்மனியின் நீஸ்கி என்னும் ஊரிலுள்ள அவர்களது பள்ளியில், கணிதப் பாடத்தின் பகுதியாகக் காகிதத்தால் செய்யப்பட்டதில் தொடங்கியது என்பர். மொராவியர் 1760-இலேயே தரங்கம்பாடிக்கு வந்துவிட்டனர்; ஆகையால் அவர்கள் அதனை இங்குக் கொண்டுவந்திருக்க இயலாது. நம் ஐம்முனை நட்சத்திரத்தின் பிறப்பு எவ்வாறாயினும், அதுவும் பிள்ளைகள் மூங்கிற் குச்சிகளைக் கட்டி, மைதாப் பசை காய்ச்சி, வண்ணக் காகிதம் ஒட்டிச் செய்ததே. உள்ளே ஒரு சிறு விளக்கு. கட்டியவன் எட்டு வயதுச் சிறுவனாயின் ஒரு முனை சற்றுக் கோணியிருக்கும். அதனால் ஒன்றும் குறைந்துவிடாது.

குடிலும் மரமும் வீட்டாருக்கு, நட்சத்திரமோ தெருவுக்கு. மத்தேயுவின் கதையில் நட்சத்திரம் உள்ளே இருந்தவர்களுக்குத் தேவைப்படவில்லை. வழி தெரியாத வெளியாருக்கே தேவைப்பட்டது. இங்கே பிள்ளை இருக்கிறது, உள்ளே வரலாம் என்பதே அதன் பொருள். அவ்வாறு அழைத்துவிட்டுக் கதவை அடைத்துக்கொள்ளும் வீடு தன் அலங்காரத்தையே பொய்யாக்குகிறது. சாதியின் பெயரால் சிலரைத் திண்ணைக்கு அப்பால் நிறுத்தும் கிறிஸ்தவ வீடு இன்னும் எங்கேனும் இருக்குமாயின், அவ்வீட்டார் நட்சத்திரம் கட்டாதிருப்பதே நேர்மையாகும். எண்ணிக்கையைப் பொறுத்தவரை, மத்தேயு கண்டது ஒன்றுதான். பால்கனிக்கு ஒன்றாகப் பன்னிரண்டு கட்டினால் சாஸ்திரிகள் எந்த வாசலில் நுழைவர்?

கோலத்தைப் பற்றியும் கூற வேண்டும். மார்கழி மாதத்தில் நட்சத்திரக் கோலமும் மெழுகுவத்திக் கோலமும் இட்டு அயலாருடைய தெருவோடு ஒன்றாகும் கிறிஸ்தவ இல்லங்கள் உண்டு. அதனைக் கண்டித்துத் தீர்மானம் போட விரும்பும் மூப்பர்களும் உண்டு. கோலம் நற்செய்திக்குப் பகையன்று. அரிசி மாவால் இட்டது எறும்புக்கும் உணவாகும். ஆயினும் தமிழ்மயமாக்கம் பேசும் நம் இறையியலர் கோலத்தைப் போற்றி எழுதும்போது ஒன்றைக் கேட்க மறந்துவிடுகின்றனர்: விடியற்காலை நான்கு மணிக்குக் குனிந்து அதனை இடுபவர் யார்? பெரும்பாலும் அக்கட்டுரையாளர் அல்லர். பிளாஸ்டிக் மரத்தின் சுமையை இறக்கிவிட்டு, பத்தடிக் கோலத்தின் சுமையை அதே முதுகில் ஏற்றினால் பண்பாடு மாறிற்று, முதுகு மாறவில்லை. நான்கு புள்ளிச் சிறு கோலம் போதும். வீட்டு ஆண்மகன் அதனை ஒரு நாள் இட்டால் தெரு வியக்கும். அவ்வியப்பும் ஒரு சாட்சியாகலாம்.

இவ்விடத்தில் எதிர்வாதம் ஒன்றை நேர்மையோடு சந்திக்க வேண்டும். எளிமையைப் பற்றி எழுதுவது வசதியுள்ளோருக்கு எளிது. தலைமுறை தலைமுறையாக நல்ல வீடு மறுக்கப்பட்ட மக்கள், தம் சிமெண்டு வீட்டின்மேல் வண்ண விளக்கு மாட்டும்போது அதில் ஆடம்பரத்தை மட்டும் காண்பவன் குருடன். எங்கள் வீட்டிலும் ஒளி உண்டு என்னும் உரிமைக் குரல் அது. ஆண்டுக்கொருமுறை அவர்கள் அடையும் மகிழ்ச்சிக்குக் கணக்குக் கேட்க நாம் யார்? பெத்தானியாவில் விலையுயர்ந்த தைலம் ஊற்றப்பட்டபோது ஏழைகளின் பெயரால் கணக்குக் கேட்டவன் யார் என்பதை யோவான் பெயர் சொல்லியே எழுதி வைத்துள்ளார். ஆகையால் செலவு மிகுந்தது எதுவோ அது தீது என்று நாம் தீர்ப்பளிக்கவில்லை. பெத்தானியாப் பெண் தன்னுடையதைத் தானே மனமுவந்து ஊற்றினாள். அடுத்த வீட்டாரைப் பார்த்து ஊற்றவில்லை, வட்டிக்கு வாங்கியும் ஊற்றவில்லை. கந்துவட்டிக்காரனின் தவணையாக பிப்ரவரி வரை நீளும் அலங்காரம் தைலக் குப்பி ஆகாது. உரிமைக் குரலாக எழுந்த ஒளி கடனாக இறங்கும்போது, அவ்வொளியால் ஆதாயம் பெற்றவர் வேறொருவராகிவிடுகிறார்.

சுமையைக் குறைப்பதற்குப் பொருள்களைக் குறைப்பது மட்டும் போதாது. நாள்களைப் பகிர்ந்துகொள்ள வேண்டும். இதற்குத் திருச்சபை ஆண்டே ஒரு வழி வைத்துள்ளது. ஹாம்பர்க் நகரில் ஆதரவற்ற சிறுவருக்கென இல்லம் நடத்திய யோகான் ஹின்ரிக் விக்கர்ன், கிறிஸ்துமஸ் எப்போது வரும் என்று ஓயாமல் கேட்ட அப்பிள்ளைகளுக்காக, 1839-இல் பழைய வண்டிச் சக்கரம் ஒன்றின்மேல் மெழுகுவத்திகளை நட்டார். வாரநாள்களுக்குச் சிறிய சிவப்பு வத்திகள் இருபது. ஞாயிறுகளுக்குப் பெரிய வெள்ளை வத்திகள் நான்கு. நாளுக்கு ஒன்றாக ஏற்றினர். இன்று உலகெங்கும் காணும் அட்வெந்து வளையம் இவ்வண்டிச் சக்கரத்தின் வழிவந்ததே. எளியோர் இல்லத்தில், கழித்துப்போட்ட பொருளில், காத்திருப்பைக் கற்பிக்கப் பிறந்தது அது. இன்று அதனைப் பிளாஸ்டிக்கில் செய்து விற்கின்றனர்.

நம் இல்லங்களில் மணல் பரப்பிய தாம்பாளம் ஒன்றும் அகல் நான்கும் போதும். நவம்பர் 27-க்கும் டிசம்பர் 3-க்கும் இடையில் வரும் முதல் ஞாயிறன்று ஓர் அகல்; அன்று மாலை பிள்ளைகள் நட்சத்திரத்திற்குக் குச்சி கட்டட்டும். இரண்டாம் வாரம் காகிதம் ஒட்டித் தந்தை அதனை ஏற்றட்டும். மூன்றாம் ஞாயிற்றை ஒட்டித் தானியத்தை ஊறவைக்கலாம். குருத்தோலை ஞாயிறன்று சிலுவை முடையத் தெரிந்த பாட்டியார் எந்தச் சபையிலும் இருப்பர். அதே விரல்களுக்கு ஓலை நட்சத்திரமும் ஓலைக் கிளியும் வரும். தனித்து வாழும் அம்மூத்தோரை ஒரு மாலை அழைத்து, பேரப்பிள்ளைகள் அல்லாத பிள்ளைகளுக்கும் கற்பிக்கச் செய்யலாம். நான்காம் வாரத்தில் செய்வதற்கு ஒன்றும் மீந்திராது; மீந்திருக்கவும் கூடாது. 24-ஆம் நாள் மாலை வைக்கோலும் முன்னணையும் மட்டும். தாய் அன்றிரவு பத்து மணிக்கு உறங்கச் செல்லலாம்.

மார்த்தாளைப் பற்றி இவ்விடத்தில் அருளுரையாற்றுவோர் பலர். பற்பல வேலைகளில் வருத்தமடைந்த அவளை மரியாளோடு ஒப்பிட்டுக் குறைகூறி, பெண்களைத் தியானத்திற்கு அழைத்துவிட்டு, ஆராதனை முடிந்ததும் அவர்கள் சமைத்த விருந்துக்கே செல்கிறோம். லூக்கா பத்தாம் அதிகாரத்தில் மார்த்தாளின் முறையீடு தான் தனியே விடப்பட்டாள் என்பதே. அம்முறையீட்டுக்கு ஏணியைப் பிடித்துக்கொள்ள எழுந்திருக்கும் ஒருவரே ஏற்ற விடையாவார். கிறிஸ்து பிறப்புக்கு முந்திய ஞாயிறுகளில் சபையின் ஆண்கள் ஐக்கியங்கள் ஆராயத்தக்க பொருள் இது. பரிசு வழங்குவதாயின், வீட்டார் அனைவரும் சேர்ந்து செய்த குடிலுக்கு வழங்கலாம். யாருக்கும் வழங்காதிருப்பது இன்னும் நன்று.

அலங்காரத்தை இறக்கும் நாளும் குறிக்கப்பட வேண்டும். புத்தாண்டு முடிந்த மறுநாளே அவசரமாகக் கழற்றி எறிவதும், தவக்காலம் வரை தூசி படிய விடுவதும் ஒருபோலத் தகாதன. சாஸ்திரிகள் வந்து சேரும் ஜனவரி 6-ஆம் நாள் மாலை பொருத்தமானது. முளைத்த பயிரை ஆட்டுக்கோ மாட்டுக்கோ இடலாம்; வைக்கோலும் அவ்வாறே. சவுக்குக் கிளை அடுப்புக்கு. நட்சத்திரத்தின் கிழிந்த காகிதத்தைப் பிரித்துவிட்டு, மூங்கிற் சட்டத்தை நூல் அறாமல் பரணில் வைத்தால், அடுத்த ஆண்டு காகிதம் மட்டும் வாங்கினால் போதும்.